பார்த்தவர் என்றொரு கட்டம்

போன மாதம் ஆலையிலிருந்து நிவேதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு அங்கே கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்வது அவள்தான். கெட்டிக்காரப் பெண். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தாள்.

"மேடம், கரும்புப் பதிவு எல்லாத்தையும் புது சாஃப்ட்வேருக்கு மாத்திக்கினு இருக்கோம். அதுல நடவு தேதிக்குப் பக்கத்துல 'பார்த்தவர்'னு ஒரு கட்டம் இருக்குது. வருஷா வருஷம் யாராச்சும் ஒருத்தர் பேர போட்டுக்கினே வந்திருக்காங்க. எதுக்குன்னு இங்க யாருக்கும் தெரியல. இப்பத்தான் போன்லயே வயல போட்டோ எடுத்துடறாங்களே, அத தூக்கிடட்டுங்களா?"

"தூக்காதம்மா, ரெண்டு நாள் பொறு" என்றேன்.

போனை வைப்பதற்கு முன் இன்னொன்றும் கேட்டாள். "இவ்ளோ வருஷம் ஒரே எடத்துல எப்பிடி மேடம் இருந்தீங்க? வெளிநாடு, பெங்களூருன்னு போவணும்னு தோணவே இல்லையா?"

இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். போனில் சொன்னால் அவள் பேலன்ஸ் தீர்ந்துவிடும் என்று எழுத உட்கார்ந்தேன். இப்போதெல்லாம் பேலன்ஸ் தீராதாம், அது தனிக் கதை.

எனக்கு விழுப்புரத்தை அடுத்த காணைக்குப் பக்கத்து ஊர். அப்பா பெயர் சூசை. பெரிய விவசாயி ஒருவரிடம் மாட்டுவண்டி ஓட்டினார். எங்களுக்குச் சொந்தமாக ஒரு பாத்தி நிலம்கூடக் கிடையாது. எப்படியோ திண்டிவனத்தில் தங்கி பி.எஸ்ஸி. கணக்கு படித்தேன். பிறகு மெட்ராஸில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் பயிற்சி. நாற்பது பேருக்கு ஒரு மிஷின். எங்கள் முறை வரும்வரை நோட்டில் ப்ரோக்ராம் எழுதி, நோட்டிலேயே ஓட்டி, நோட்டிலேயே விடையும் எழுதிக்கொள்வோம். பயிற்சி பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

எண்பதுகளின் நடுவில் விழுப்புரம் பக்கத்துச் சர்க்கரை ஆலை ஒன்றில் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அதை இயக்க ஓராண்டுத் தற்காலிக வேலைக்கு ஆள் எடுத்ததில் எனக்குக் கிடைத்தது. அந்த அறைக்கு ஏ.சி. போட்டு, நீலத் திரை மாட்டி, வாசலில் "காலணிகளை வெளியே விடவும்" என்று போர்டு வைத்தார்கள். ஆலையில் எல்லோரும் ஒரு தடவையாவது உள்ளே வந்து பார்த்தார்கள். பாதிப் பேர் மிஷினைப் பார்க்கவில்லை. கண்ணை மூடி ஏ.சி. காற்றில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, "நல்லா இருக்குது" என்று சொல்லிப் போனார்கள். எனக்கோ உலகத்திலேயே என்னைப்போல அதிர்ஷ்டசாலி கிடையாது என்ற எண்ணம். பிரிண்டர் கறகறவென்று அடிக்க ஆரம்பித்தால் சோறுகூட மறந்துபோகும்.

வீட்டில் நிலைமை வேறு. முன்பே நான் எழுதியிருந்த வங்கித் தேர்வில் தேறிவிட்டேன். திண்டிவனம் கிளையில் கிளார்க்காகச் சேரச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. சேர ஒரு மாதம் கெடு. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"பேங்குன்னா ஊருக்கே தெரியும். நீ இப்ப பாக்குற வேலைய நான் இன்னான்னு வெளிய சொல்றது? குளுர் ரூம்புல குந்திக்கினு டைப் அடிக்கிறான்னா?" என்றார்.

"இதுக்கு வருங்காலம் இருக்குதுப்பா" என்றேன்.

"அந்த வருங்காலம் வர்ற வரைக்கும் சோத்துக்கு இன்னா பண்றது?"

உத்தரவை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு நாளைக் கடத்தினேன்.

இனி என் மேலதிகாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரும்புப் பிரிவின் தலைவர் ஜெயபால் நயினார். செஞ்சிப் பக்கத்து ஜைனக் குடும்பம். பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார் என்பதால் மாலை ஐந்தே காலுக்கு டிபன் டப்பாவைத் திறந்துவிடுவார். எதிரில் ஆலை மேனேஜரே உட்கார்ந்திருந்தாலும் சரிதான். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம் சீவிய பென்சில் ஒன்று எப்போதும் கையில் இருக்கும். யார் எதைச் சொன்னாலும் அவரிடம் ஒரே கேள்விதான்.

"கண்டாச்சிபுரத்துல நேத்து நல்ல மழை சார்" என்பார் வயல் வயலாகச் சுற்றிவரும் ஃபீல்டுமேன்.

"யாரு பாத்தது?"

"பஸ் டிரைவர் சொன்னார் சார்."

"அப்ப 'பஸ் டிரைவர் பார்த்தார்'னு எழுது."

உண்மையிலேயே எழுத வைப்பார். முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'யாரு பாத்தது' என்றே பெயர். நானும் அப்படித்தான் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கரும்பு ஆலையின் உயிர்நாடி வெட்டு உத்தரவு. கரும்பு நட்டதும் விவசாயி ஆலையில் பதிவு செய்வார். ஃபீல்டுமேன் வந்து பெயர், ஊர், வயல், ரகம், நடவு தேதி எல்லாம் எழுதிப் போவார். பத்துப் பன்னிரண்டு மாதம் கழித்து, இன்ன தேதியில் வெட்டிக் கொண்டுவா என்று ஆலை சீட்டு அனுப்பும். அந்தச் சீட்டு இல்லாமல் ஒரு கரும்பும் உள்ளே வராது. முன்னால் வெட்டினால் இனிப்பு ஏறியிருக்காது. பின்னால் வெட்டினால் கரும்பு பூத்து, உள்ளே நெட்டி விழுந்து, சாறு வற்றி எடை குறையும். அதனால் சீட்டில் இருக்கிற தேதிக்காக ஊரே காத்திருக்கும். அதுவரை இரண்டு எழுத்தர்கள் பெரிய பெரிய ரெஜிஸ்டரைப் புரட்டி எழுதிவந்த சீட்டை, அந்தப் பருவத்திலிருந்து கம்ப்யூட்டர் அடிக்க வேண்டும் என்று முடிவானது. ப்ரோக்ராம் எழுதியது நான்.

ரொம்ப நியாயமான ப்ரோக்ராம் என்று எனக்குப் பெருமை வேறு. முன்னால் நட்டவருக்கு முன்னால் உத்தரவு. ஒரே நாளில் நட்டவர்களுக்கு ஒரே நாளில் உத்தரவு. வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சுக்கே இடமில்லை. சீட்டுகளை ஊர்வாரியாக அடித்துக் கொடுத்தேன். ஃபீல்டுமேன்கள் அவரவர் ஊருக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை சீட்டு என்று கடைசியில் ஒரு வரி அடிக்கச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

முதல் பத்து நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பதினோராம் நாள் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஆலை கேட் கண்ணுக்கே தெரியவில்லை. மெயின் ரோடு வரைக்கும் மாட்டுவண்டி. இருநூற்றுக்கும் மேலே இருக்கும். நகர இடமில்லாமல் மாடுகள் முன்வண்டிக் கரும்பின் தோகையைத் தின்றுகொண்டிருந்தன. மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை வேகவைத்து விற்கிறவர்கள் அதற்குள் கூடையோடு வந்துவிட்டார்கள். திருவிழாதான், வண்டிக்காரர்கள் வாயில் வந்த வார்த்தைகளை மட்டும் கழித்துவிட்டால்.

"எவன்டா அந்தக் கம்ப்யூட்டரு? கூப்புடு அவன" என்று ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். அவருக்கு அடுத்த வண்டியில் அப்பா. முதலாளியின் கரும்பை ஏற்றிக்கொண்டு முதல் நாள் மாலையே வந்து மாட்டிக்கொண்டவர். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பாமல் வாய்க்குள்ளேயே சொன்னார்.

"ரோஸு, அந்தப் பக்கமா போயிடு. நீதான்னு இன்னும் யார்ட்டயும் சொல்லல."

இன்றைக்கு நினைத்தால் விழுந்து விழுந்து சிரிக்கிறேன். அன்றைக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி அழுதேன்.

மத்தியானம் ஆலையின் கெமிஸ்ட் இன்னொரு குண்டைப் போட்டார். ஒரே நாளில் நட்டதாகச் சொல்லும் அந்தக் கரும்புகளில் பாதி முற்றியிருக்கிறது, பாதி இன்னும் பச்சை என்றார். மேனேஜர் எங்கள் அறைக்கு வந்தார். "பத்து நாள் டைம் தர்றேன். அதுவரைக்கும் கிளார்க்குங்க பழைய ரெஜிஸ்டர வெச்சு ஓட்டட்டும். அதுக்குள்ள இது சரியாவலன்னா மிஷின மெட்ராஸுக்கே திருப்பி அனுப்பிடலாம்" என்றார். என்னை எங்கே அனுப்புவது என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. வங்கிக் கெடுவுக்கு அப்போது இரண்டு வாரம்தான் பாக்கி.

அவர் போனதும் நயினார் பிரிண்டைக் கையில் வாங்கி, தை மாதத்துப் புதன்கிழமை ஒன்றைச் சிவப்பில் சுழித்தார்.

"இத்தனை பேரும் ஒரே புதன்கிழமை நட்டாங்களா? யாரு பாத்தது?"

"விவசாயிங்களே சொன்னாங்க சார்" என்றார் ஃபீல்டுமேன்.

"அவங்க அன்னிக்கு வயல்ல இருந்தாங்களா?"

ஃபீல்டுமேன் தன் நோட்டைப் புரட்ட ஆரம்பித்தார். அது என்ன புதன்கிழமை என்று எனக்கும் விளங்கவில்லை. எங்கள் வீட்டுக் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமையும் கிறிஸ்துமஸும் தவிர வேறு நல்ல நாள் கிடையாது.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு நிற்கும்போது அஞ்சலை வந்தாள். எட்டாவது வரை என்னோடு ஒரே பெஞ்சு. அதற்குமேல் படிக்கவில்லை. இப்போது பன்னிரண்டு பெண்கள் கொண்ட நடவுக் குழுவுக்கு அவள்தான் தலைவி. என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டாள். சொன்னேன். புதன்கிழமை என்றதுமே சிரிக்க ஆரம்பித்தவள், பஸ் வந்து போன பிறகும் நிறுத்தவில்லை.

"அடிப் பைத்தியமே! அது முகூர்த்த நாளுடீ. பஞ்சாங்கம் பாத்து மூலையில நாலு கரணைய ஊணிட்டு, கற்பூரம் ஏத்திட்டு வூட்டுக்குப் போயிடுவாங்க. அன்னிக்கு வயல்ல தண்ணியும் இருக்காது, ஆளும் இருக்காது. நாங்க போயி முழுசா நட்டு முடிக்க ஒரு மாசம் ஆவும், ஒண்ணரை மாசமும் ஆவும்."

"அப்ப ஆலைக்கு ஏன் அந்தத் தேதிய சொல்றாங்க?"

"நல்ல நாளத்தான சொல்லுவாங்க? நட்ட நாள யாரு கேட்டா?"

கரும்பைத் துண்டு துண்டாக வெட்டி நடுவார்களே, அந்தத் துண்டுதான் கரணை. நான்கு கரணை ஊன்றிய நாளைத்தான் இருநூறு பேரும் நடவு தேதியாக எழுத வைத்திருந்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அவர்களைப் பொறுத்தவரை பயிர் பிறந்த நாள் அதுதான். பழைய எழுத்தர்களுக்கு இந்த ரகசியம் தெரியாமலே கைவசம் ஒரு மருந்து இருந்திருக்கிறது. ஃபீல்டுமேன் "இன்னும் பச்சையா இருக்குது" என்றால் சீட்டைத் தள்ளிப் போட்டுவிடுவார்கள். என் ப்ரோக்ராமுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

"நட்ட நாளு உனக்கு ஞாபகம் இருக்குதா?" என்றேன்.

"ஞாபகம் எதுக்கு? வா" என்று வீட்டுக்குக் கூட்டிப் போனாள். கூரைக் கழியில் ஒரு வளைந்த கம்பி தொங்கியது. நாள் காலண்டரில் கிழித்த தாள்கள் கம்பி முழுக்கக் குத்தியிருந்தன. ஒவ்வொரு தாளிலும் அன்றைக்கு நட்ட வயலும் வயல்காரர் பெயரும் பென்சிலில் எழுதியிருந்தது. நட்டதிலிருந்து முப்பதாம் நாள் களை எடுக்க வேண்டும், அப்புறம் மண் அணைக்க வேண்டும். நாள் தவறினால் வேறு குழு புகுந்துவிடும். அதற்காக அவள் வைத்திருந்த ஏற்பாடு அது. மெட்ராஸில் ஆறு மாதம் நான் படித்த பாடத்தை அவள் கூரையில் மாட்டி வைத்திருந்தாள்.

"இத குடேன், நாளைக்குத் தர்றேன்."

"கம்பிய மட்டும் கேக்காத. இது போச்சுன்னா என் பொழப்பு பேஜாரா பூடும். இங்கயே குந்தி எழுதிக்க."

அன்று மத்தியானம் நயினாரிடம் சொன்னேன். கேள்வி வந்தது. "யாரு பாத்தது?"

"அஞ்சலைன்னு ஒருத்தி பாத்தது சார். நட்டதே அவதான். எட்டாவது படிச்சிருக்கா."

"படிப்ப நான் கேக்கல. தாளெல்லாம் பத்திரமா இருக்குதா?"

உடனே நம்பிவிடவில்லை. நான் எழுதி வந்ததில் மூன்று வயலைப் பொறுக்கினார்: முதலில் நட்டது ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. கெமிஸ்டை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மூன்றுக்கும் போனோம். வயலுக்கு நாலு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து கரும்பு வெட்டி, சாற்றுத் துளியைச் சிறு குழல் போன்ற கருவியில் விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார் கெமிஸ்ட். முதல் வயல் நன்றாக முற்றியிருந்தது. நடு வயல் கொஞ்சம் குறைவு. கடைசி வயல் பச்சை. காலண்டர் தாளில் இருந்த வரிசை அப்படியே. ஐந்தே காலாகிவிட்டதால் நயினார் வரப்பிலேயே உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். எனக்கும் ஒரு தோசை கொடுத்தார். அவர் யாருக்கும் கொடுத்து நான் பார்த்த முதல் தோசை அது.

மேனேஜருக்குத்தான் மனசு வரவில்லை. "கூலிக்காரி சொல்ற தேதிய வெச்சு ஆலைய ஓட்டறதா?" என்றார்.

"நட்டவங்க சொல்ற தேதி சார்" என்றார் நயினார், அதே தாழ்ந்த குரலில். பிறகு என் பக்கம் திரும்பினார். "தேதிக்குப் பக்கத்துல இன்னொரு கட்டம் போடும்மா. யாரு பாத்ததுன்னு."

இப்போது போல அல்ல. அந்த மிஷினில் ஒரு கட்டம் சேர்ப்பது நெரிசலான பஸ்ஸில் இன்னொருவருக்கு இடம் பண்ணுகிற மாதிரி. பத்து எழுத்துக்கு இடம் பிடிக்க ஊர்ப் பெயர்களை எல்லாம் சுருக்கினேன். கண்டாச்சிபுரம் பாதியாகிப் போனது.

அடுத்த ஒரு வாரம் நானும் அஞ்சலையும் ஊர் ஊராகப் போனோம். எந்த ஊரில் எந்தக் குழு நட்டது என்று அவளுக்கு அத்துப்படி. சில குழுக்களிடம் காலண்டர் தாள் இருந்தது, சிலரிடம் சுவரில் கரிக்கோடு. கடைசி ஊர் கண்டாச்சிபுரம் பக்கம். அந்தக் குழுவில் எழுத்து தெரிந்தவர் யாருமில்லை. எல்லாவற்றையும் மனசில்தான் வைத்திருந்தார்கள். சந்தைக்கு மறுநாள், மாசி மகம் வந்த வாரம் என்று அவர்கள் சொல்லச் சொல்ல நான் தேதியாக மாற்றிக்கொண்டிருந்தேன். நோட்டு தீர்ந்துவிட்டது.

"ஜல்தி எழுதும்மா, கேப்பை வயலுக்குப் போவணும்" என்று அவசரப்படுத்தினார்கள். கைப்பையைத் துழாவினேன். கையில் கெட்டியான ஒரு தாள் அகப்பட்டது. விரித்து, பின்பக்கத்தைத் திருப்பி எழுதத் தொடங்கினேன். முழுதும் எழுதி முடித்துத் திருப்பிப் பார்த்தபோதுதான் அது வங்கி உத்தரவு என்று உறைத்தது. அஞ்சலை எட்டிப் பார்த்தாள். "போச்சுடா, உங்கப்பன் கொல்லப் போறாரு" என்றாள். எனக்கு ஏனோ சிரிப்பு வந்தது.

பத்தாம் நாள் புதுச் சீட்டுகள் அடித்தோம், கடைசியில் மொத்தம் எத்தனை என்ற வரியோடு. அதிலிருந்து நாலாவது நாள், சீட்டுத் தேதி வந்த காலையில், நான் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கேட் தெரிந்தது. பளிச்சென்று, பச்சைப் பெயின்டோடு. வண்டிகள் வந்தன, எடைமேடை ஏறின, இறக்கிவிட்டுப் போயின. மத்தியானத்துக்குள் யார்டு காலி. மல்லாட்டைக்காரர்களுக்கு மட்டும் வருத்தம். சந்தோஷத்தில் நான் வேண்டுமென்றே இரண்டு தடவை வெளியே போய் கேட்டைப் பார்த்துவிட்டு வந்தேன்.

அஞ்சலையை அறைக்குக் கூட்டி வந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவள், பிரிண்டர் அவள் பெயரை அடிப்பதைக் கன்னத்தில் கை வைத்துப் பார்த்தாள். "இத கிழிச்சுக் குடேன், கம்பியில குத்திக்கிறேன்" என்றாள்.

ஆனாலும் மேனேஜர், "இந்த சீசன் முடியட்டும், பர்மனென்ட்ட பத்தி அப்புறம் பேசலாம்" என்றுதான் சொன்னார். வங்கிக் கெடுவின் கடைசி நாள் அதற்கு மறுநாள். காலையில் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பி நின்றார். நானும் கைப்பையை எடுத்துக்கொண்டு கூடவே நடந்தேன். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட்டோம். திண்டிவனம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

"ஆர்டர எடு, ஒருக்கா பாத்துக்கலாம்" என்றார்.

கொடுத்தேன். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஆனால் தாளின் பின்பக்கம் இத்தனை கிறுக்கல் இருக்கக்கூடாது என்பது அவருக்கே தெரிந்தது.

"இன்னா இது? பேங்குக்குக் குடுக்கற கடுதாசில இன்னாத்த எழுதி வெச்சிக்கினு இருக்கற?"

"நடவு தேதிப்பா. பேப்பர் தீந்துபோச்சு."

அடிப்பாரோ என்று பயந்தேன். தாளை என்னிடமே திருப்பி நீட்டினார். "படி" என்றார்.

படித்தேன். ஒவ்வொரு வயலாகத் தலையாட்டிக்கொண்டே வந்தார். அவர் முதலாளிக்கும் கண்டாச்சிபுரம் பக்கம் ஒரு வயல் உண்டு. அதற்கு இன்னும் சீட்டு அடிக்கவில்லை. அதன் முறை வந்தது. "ஏரிக்கரை மேற்கு, மாசி மூணாவது வெள்ளிக்கிழமை."

"நிறுத்து. வெள்ளி இல்ல, வியாழன்."

"அவங்க வெள்ளின்னாங்கப்பா."

"அவங்க சொன்னா? கரணைய வண்டியில ஏத்திக்கினு போனதே நாந்தான். அன்னிக்கே நட்டு முடிச்சிட்டாங்க, நான் வரப்புல நின்னு பாத்துக்கினு இருந்தேன். வெள்ளிக்கிழம முழுக்க வண்டிக்கு அச்சு மாத்திக்கினு கெடந்தேன். திருத்தி எழுது, தப்பா போயி மறுபடியும் மாடுங்க ரோட்டுல நிக்கப் போவுது."

பேனாவைத் தேடினேன். கண்டக்டர் விசில் ஊதிவிட்டு எங்களைப் பார்த்துக் கத்தினார். "திண்டிவனம், திண்டிவனம்! ஏறும்மா, டைம் ஆச்சு!"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். பிறகு கண்டக்டர் பக்கம் திரும்பிக் கையை ஆட்டினார்.

"நீ போப்பா. நாங்க இங்க வேலையா இருக்கோம்."

பஸ் போய்விட்டது. நான் வெள்ளியை அடித்து வியாழன் என்று போட்டேன். பக்கத்தில், பார்த்தவர் என்று எழுதி, சூசை என்று எழுதினேன்.

"எம் பேர எங்க போட்ட, காட்டு" என்றார் அப்பா. காட்டினேன்.